மணவாளன் அடிக்கோடு நாற்பத்தேழு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலோர முன்னெச்சரிக்கைக் கழகத்தில் மணவாளன் உதவியாளராக வேலை பார்த்தார். புயல் வருவதற்கு முன்பே கடலோர மக்களை எச்சரிப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட கழகம் அது. ஏற்படுத்தப்பட்ட நாளிலிருந்து எத்தனையோ புயல்கள் வந்து போய்விட்டன. ஒவ்வொன்றைப் பற்றியும், அது வந்து போன பிறகு, கழகம் வண்ண அட்டையுடன் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

கழகத்துக்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை அலுவலகம் உண்டு. அங்கே மணவாளனின் மச்சான், அதாவது அவர் மனைவி மங்கலத்தின் தம்பி செந்தமிழ்ச்செல்வன், அதே உதவியாளர் பதவியில் இருந்தான். இரண்டு பேரும் ஒரே தேர்வு எழுதி ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம். இருந்தாலும் செல்வனின் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. மணவாளனின் நாற்காலிக்குப் பின்னால் கழிப்பறை இருந்தது. செல்வனுக்கு முடி கொட்டவில்லை. செல்வன் எந்த வங்கிக்குப் போனாலும் கூட்டம் இருக்காது. இதையெல்லாம் மணவாளன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒன்றையும் மறந்ததில்லை.

இந்த நிலையில்தான் கழகம் இணையத்துக்கு மாறியது. தலைவர் சபாபதி குத்துவிளக்கு ஏற்றி, 'எச்சரிக்கை இணையவாசல்' என்று அதற்குப் பெயரிட்டு உரையாற்றினார். "இனிமேல் இந்தக் கழகத்தில் காகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார். அந்த உரை அச்சடிக்கப்பட்டு ஆளுக்கு மூன்று படிகள் வழங்கப்பட்டது.

இணையவாசலில் நுழைய ஒவ்வொருவரும் ஒரு பயனர் பெயர் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும், அலுவலகத்தின் கண்ணியத்துக்குக் குறைவு வரக் கூடாது என்றது சுற்றறிக்கை. ஓட்டுநர் சுப்புராயன் 'கடலூர்ச்சிங்கம்' என்று பதிந்தார். சிங்கம் வனத்துறையைச் சேர்ந்தது என்பதால் அந்தத் துறையின் தடையில்லாச் சான்று கேட்கப்பட்டது. அறிவுமதி என்ற இளநிலை உதவியாளர் 'சும்மா' என்று பதிந்தார். அது கழகத்தின் பணிகளை மறைமுகமாகக் குறிப்பிடுகிறது என்று நிராகரிக்கப்பட்டது.

மணவாளன் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் தன் சொந்தப் பெயரே கம்பீரமானது என்று முடிவு செய்து 'மணவாளன்' என்று தட்டினார். 'இந்தப் பெயரை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்' என்றது கணினி.

அவருக்குப் பகீரென்றது. யார் அந்த இன்னொரு மணவாளன்? கழகத்தில் அவருக்குத் தெரிந்து வேறு மணவாளன் கிடையாது. 'மணவாளன்கடலூர்' என்று தட்டிப் பார்த்தார். ஊரின் பெயரைத் தனிநபர் உரிமை கொண்டாட முடியாது என்றது. பிறகு கணினியே இரக்கப்பட்டு ஒரு பெயரை நீட்டியது: மணவாளன்_47. இதையும் விட்டால் நாற்பத்தெட்டு ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவசரமாக அதை ஏற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் செல்வன் போன் செய்தான்.

"மாமா, உங்குளுக்கு என்னா பேரு கெடைச்சுது?"

"மொதல்ல உன்னுத சொல்லு மச்சான்."

"எனக்கு செல்வன், மாமா."

"செல்வன். சரி, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல மாமா. செல்வன், முற்றுப்புள்ளி. அவ்ளோதான்."

"கடைசில முற்றுப்புள்ளி போட்டிருக்கியா?" என்று ஆசையோடு கேட்டார் மணவாளன்.

"அய்ய, இல்ல மாமா. பேச்சுக்குச் சொன்னேன். வெறும் செல்வன்தான்."

மங்கலம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாவாம்? அவனுக்கு வால் கீல் எதுவும் இல்லியாமா? அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே எல்லாம் சுத்தமா அமையும்" என்றாள். அன்றைக்குப் பொரித்த அப்பளத்தை மணவாளன் தட்டிலேயே நொறுக்கினார்.

அதோடு முடிந்திருந்தால் அவர் பழகியிருப்பார். கழகத்தில் எதுவும் அதோடு முடிவதில்லை. அலுவலகத்தில் அனைவரும் பயனர் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது. "மணவாளன் அடிக்கோடு நாப்பத்தேழு, பெரியவரு கூப்புடுறாரு" என்று வராந்தாவில் குரல் கேட்கும். முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் கூப்பிட்ட பெரியவர் எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்திருப்பார். நாளடைவில் பெயரைச் சுருக்கி 'அடிக்கோடு' என்று மட்டும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பிறகு இருக்கைகள் மாறின. கணினி அச்சிடும் வரிசையில் எண் இல்லாத பெயர்கள் முதலில் வந்தன. எண் உள்ளவை கீழே போயின. கணினியே இப்படி வரிசைப்படுத்தும்போது மனிதர்கள் மறுப்பது அழகல்ல என்று தலைவர் கருதினார். கூட்டங்களில் வால் இல்லாதவர்கள் முன்வரிசை, வால் உள்ளவர்கள் பின்வரிசை என்று ஆயிற்று. மாவட்டத்திலேயே அந்தப் பெயரில் இன்னொருவர் பதியாததால், கூட்டிப் பெருக்கும் இருசம்மாளுக்கு அவர் பெயர் முழுசாகக் கிடைத்திருந்தது. அவரைத் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். "எனுக்கு ஏன் சார் இந்த எடம், ஃபேன் காத்துல தலைய வலிக்குது" என்று அவர் சொன்னது பணிவின் அடையாளம் எனப் பாராட்டப்பட்டது. மணவாளன் பின்வரிசையில், மின்விசிறி எட்டாத மூலையில் உட்கார்ந்து, சிதம்பரத்திலிருந்து வந்த செல்வனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடரியில்கூட முடி அடர்த்தியாக இருந்தது.

ஆவணி மாதம் குறிஞ்சிப்பாடியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து வாசலில் செல்வனை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "வெறும் செல்வனாமே! கழகத்துலயே நாலஞ்சு பேருக்குத்தான் அப்பிடிக் குடுத்துருக்காங்களாமே!" என்று ஒரு பெரியப்பா வியந்தார். பிறகு மணவாளன் பக்கம் திரும்பி, "உங்குளுக்கு ஏதோ நம்பர் போட்டு ஒண்ணு குடுத்திருக்காங்களாம்? பரவால்ல, அதும் கவர்மெண்டு குடுக்குறதுதானே" என்று ஆறுதல் சொன்னார். மங்கலம் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மணவாளன் முகத்தைத் திருப்பினார். எதிரே கல்யாணப் பலகை இருந்தது. 'திருவளர்செல்வன் அருள்முருகன், திருவளர்செல்வி சத்யப்பிரியா' என்று தெர்மகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். மணவாளன் அதையே பார்த்தார். செல்வன். கல்யாணம் ஆகாத பையனுக்குப் போடும் சொல் அது! செல்வனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பந்தியில் மணவாளன் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் இணையவாசலில் 'பெயர் வெளியிட விரும்பாதோர் ஆட்சேபணை' என்ற பகுதியைத் திறந்தார். 'செல்வன் என்பது மணமாகாத ஆடவரைக் குறிக்கும் சொல். சிதம்பரம் கிளை உதவியாளர், மணமாகி மக்களையும் பெற்ற நிலையில், அப்பெயரைப் பயன்படுத்துவது பொதுமக்களையும் குறிப்பாகப் பெண் வீட்டாரையும் ஏமாற்றும் செயலாகும்' என்று எழுதி அனுப்பினார். மனசு பஞ்சு மாதிரி ஆயிற்று.

அந்த ஆட்சேபணை தலைவர் சபாபதியை உலுக்கிவிட்டது. மறுநாளே அவசரக் கூட்டம் போட்டார்.

"இதுவரை நாம் பெயரைப் பார்த்தோம். பெயரின் பொருளைப் பார்த்தோமா?" என்று கேட்டார். "பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் மக்கள் நம் எச்சரிக்கையை எப்படி நம்புவார்கள்? நேற்று முழுவதும் இதையே ஆராய்ந்தேன். வேறு எந்த வேலையும் செய்யவில்லை. எந்த வேலையும் தடைபடவும் இல்லை. ஆராய்ந்து பார்த்ததில், சபாபதி என்றால் சபைக்குத் தலைவன். இந்தக் கழகத்திலேயே பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தமாக இருப்பது நான் ஒருவன்தான் என்று தெரிகிறது. இதை நான் சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை." முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை கைதட்டியது கேட்கவில்லை.

பெயர்ப் பொருத்தக் குழு அமைக்கப்பட்டது. சபாபதி தலைவர். கண்காணிப்பாளர் எழிலரசி உறுப்பினர். அழகுக்கு அரசி என்ற பொருளுக்கு அவரிடம் ஆதாரம் கேட்கலாமா என்ற பேச்சு எழுந்தது, அவர் நிமிர்ந்து பார்த்ததும் கைவிடப்பட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஞானசேகரன் மொழி வல்லுநர். பெயரின் பொருளை நிரூபிக்கும்வரை ஊழியர்களின் கணக்குகள் எல்லாம் முடக்கி வைக்கப்பட்டன.

நாள் முழுக்க வாய் திறக்காமல் காசு எண்ணும் காசாளர் திருநாவுக்கரசு, நாவுக்கு அரசர் என்பதை மெய்ப்பிக்க, 'மழை' என்ற தலைப்பில் சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருந்தது. "மழ பேயும். அப்புறம் வுட்டுரும்" என்று சொல்லி உட்கார்ந்தார். சொற்சிக்கனத்துக்காகத் தேர்ச்சி பெற்றார். அறிவுமதியிடம் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நான் ஒண்ணு கேக்கலாமா சார்? இந்தக் கழகம் எதுக்கு சார் இருக்குது?" என்றார். அது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி என்று குழு அறிவித்தது.

இடையில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அதைப் பற்றிய அவசரச் செய்தி வந்து முடக்கப்பட்ட கணக்குகளுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. தேவனாம்பட்டினத்து மீனவர்கள் வழக்கம்போல வானத்தைப் பார்த்துவிட்டுப் படகுகளை மேலே இழுத்துக் கட்டினார்கள். கழகத்தின் பெயர் சீரமைப்பால் மக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று தலைவர் பேட்டி அளித்தார். அது உண்மைதான்.

மணவாளனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. செல்வனின் விசாரணை நாளுக்காகக் காத்திருந்தார். செல்வனுக்கு அழைப்பாணை போனது, ஆனால் அதே நாளில் சிதம்பரம் கிளைக்கு வரச் சொல்லி மணவாளனுக்கும் ஒன்று வந்தது. கண்காணிப்பாளர் எழிலரசி அவர் பெயர் மீது ஆட்சேபணை கொடுத்திருந்தார்.

"மணவாளன்னா புருஷன்னு அர்த்தம்" என்று அவரிடமே நேராகச் சொன்னார் எழிலரசி. "நான் டெய்லி 'மதிப்புக்குரிய மணவாளன்'னு டைப் அடிச்சி அனுப்பணுமா? போன வாரம் என் போன எடுத்துப் பாத்துட்டு எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா பேசல. நீங்க யாருக்கு மணவாளன்னு தெளிவா ரெக்கார்டு ஆவணும் சார். சம்பந்தப்பட்ட அம்மாவ கூட்டிகிட்டு வாங்க."

இப்படியாக ஒரு புதன்கிழமை மணவாளனும் மங்கலமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனார்கள். வழியெல்லாம் மங்கலம் பொருமிக்கொண்டே வந்தாள். "எந்தப் பாவி எந்தம்பி மேல மனு போட்டானோ. அவனுக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி. கையில கெடைக்கட்டும்." மணவாளன் ஜன்னல் வழியாக முந்திரித் தோப்புகளை ஆழ்ந்து கவனித்துக்கொண்டு வந்தார்.

கிளை அலுவலகத்தின் கூடத்தில் குழு அமர்ந்திருந்தது. முதலில் செல்வன் அழைக்கப்பட்டான். தலைவர் ஆட்சேபணையை எடுத்து உரக்கப் படித்தார்.

"ஆட்சேபணை அளித்தவர், பெயர் வெளியிட விரும்பாத மணவாளன் அடிக்கோடு நாற்பத்தேழு."

மணவாளன் எழுந்து, "சார், பேரு ரகசியமா இருக்கும்னு போட்டிருந்துச்சே" என்றார் ஈனக்குரலில்.

"ரகசியம்தான்" என்றார் தலைவர். "நாங்கள் வெளியிடவில்லையே. வெளியிட விரும்பவில்லை என்பதையும் சேர்த்துத்தானே படித்தோம்?"

மங்கலம் திரும்பி அவரைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவிலிருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். செல்வன்தான் சங்கடத்தோடு, "போவட்டும் சார். ஆமா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அந்தப் பேரு வேணாம், வேற எதுன்னா குடுங்க" என்றான்.

"முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார் மொழி வல்லுநர் ஞானசேகரன்.

"செந்தமிழ்ச்செல்வன் ஐயா."

ஞானசேகரனின் கண்கள் கலங்கின. "செல்வனை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று குழு கவனிக்க வேண்டும்" என்றார் தழுதழுத்த குரலில். "செந்தமிழ்! இந்தப் பெயருக்கு யார் ஆட்சேபணை சொல்வார்கள்? சொல்லித்தான் பார்க்கட்டும்!" குழு எழுந்து நின்றது. செல்வனுக்குச் 'செந்தமிழ்' என்ற பெயர் வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட பெயரைப் பின்னால் உட்காரவைக்க முடியாது என்பதால், இனிக் கூட்டங்களில் அவனுக்கு மேடையில் இடம் என்றும் தீர்மானிக்கப்பட்டது. கிளை அலுவலகம் கைதட்டியது. தன் கையாலேயே மச்சானை மேடை ஏற்றிவிட்டோம் என்பதைத்தான் மணவாளனால் தாங்க முடியவில்லை. பொண்டாட்டி நாலு நாற்காலி தள்ளிப் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது.

அடுத்து அவருடைய முறை.

"உங்களிடம் முதலில் ஒரு செய்தி" என்றார் தலைவர். "வால் இல்லாத மணவாளன் என்ற கணக்கு யாருடையது என்று குழு விசாரித்தது. அதுவும் நீங்கள்தான்."

மணவாளனுக்குப் புரியவில்லை. எழிலரசி விளக்கினார். "வைகாசில இங்க ட்ரெயினிங் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பேரையும் பாஸ்வேர்டையும் போட்டுப் பழகச் சொன்னாங்க. அத அழிக்கறதுக்கு இன்னும் ஆர்டர் வரல. அன்னிக்கு ஒழுங்கா வந்து பழகுனவங்க பேரெல்லாம் அதுலயே மாட்டிகிச்சு. அவுங்களுக்குத்தான் வால். வராதவங்களுக்கு முழுப் பேரு."

"அன்னிக்கு நான் லீவு மாமா" என்றான் செல்வன் தயங்கியபடி.

"நான் விளக்கேற்றிவிட்டு உடனே புறப்பட்டுவிட்டேன்" என்றார் தலைவர் பெருமிதத்தோடு.

மணவாளனின் முகம் மலர்ந்தது. "அப்ப அது என் பேருதான சார்! அதயே எனக்குக் குடுத்துருங்க."

"தாராளமாக. கடவுச்சொல் என்ன?"

மணவாளன் யோசித்தார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பசியில், கைக்கு வந்ததைத் தட்டியது மட்டும்தான் நினைவில் இருந்தது.

"மறந்துபோச்சு சார்."

"அப்படியானால் அந்த மணவாளனிடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள்."

"அவரும் நான்தான் சார்!"

"அது எங்களுக்குத் தெரிகிறது. கணினிக்குத் தெரிய வேண்டாமா?" என்று கனிவோடு சொன்னார் தலைவர். "சரி, சாட்சியை விசாரித்துவிடலாம். அம்மா, வாருங்கள்."

மங்கலம் எழுந்து வந்து நின்றாள்.

"பெயருக்கு ஏற்ற பொருள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி" என்றார் தலைவர். "கழகப் பதிவுகளின்படி இரண்டு மணவாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வெறும் மணவாளன், கடவுச்சொல்லை மறந்தவர். இன்னொருவர் மணவாளன் அடிக்கோடு நாற்பத்தேழு. இவர்களில் யார் உங்கள் மணவாளர் என்று குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்."

மங்கலம் நிதானமாகக் கேட்டாள். "எந்தம்பி மேல மனு போட்டவரு இதுல எவரு சார்?"

"நாற்பத்தேழு."

"அப்ப அந்தாளு எனுக்கு வேணாம். இன்னொருத்தரு இருக்காருன்னு சொன்னீங்களே, ஞாபகமறதிக்காரரு, அவரு வந்தாருன்னா அனுப்பி வைங்க. மொகத்தப் பாத்துட்டு யோசிச்சுச் சொல்றேன்."

"மிகத் தெளிவான சாட்சியம்" என்றார் தலைவர். "பதிவு செய்யுங்கள்." குழு கலந்து பேசித் தீர்ப்புச் சொன்னது: மனைவியால் மறுக்கப்பட்ட மணவாளன்_47 உடனடியாக நீக்கப்படுகிறது. மணவாளன் என்ற கணக்கைத் திறக்க வழியில்லை. ஆகவே இரண்டு பேராகவும் இல்லாத இந்த ஊழியர் தினமும் அலுவலகத்துக்கு வரலாம். வேலை எதுவும் செய்யக் கூடாது. இதனால் கழகத்தின் நடைமுறையில் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படாது என்பதையும் குழு கவனத்தில் கொண்டது.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. மங்கலம் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டாள். வழியனுப்ப வந்த செல்வன், கீழே நின்ற மணவாளனின் தோளைத் தொட்டான்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மாமா. பேருதான, வுடுங்க."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மணவாளனுக்கு. அந்தப் பெருந்தன்மையும் இவனுக்கே அமைந்திருக்கிறதே என்று நினைத்தார்.

செல்வன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லட்டா மாமா? என் பழைய பேரு இப்ப காலியாத்தான் கெடக்குது. செல்வன். வாலு கெடையாது. நீங்க வேணா கேட்டுப் பாருங்களேன்."

மணவாளனின் கண்கள் ஒரு கணம் மின்னின. பிறகு அணைந்தன. "அது எப்பிடி மச்சான் குடுப்பாங்க? எனக்குந்தான் கல்யாணம் ஆயிடுச்சே."

ஜன்னலிலிருந்து மங்கலத்தின் குரல் வந்தது.

"அத நான் இன்னும் சொல்லல."

நடத்துநர் விசில் அடித்தார். மணவாளன் ஓடிப்போய் ஏறி, கைப்பை இருந்த இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புவனகிரி தாண்டியும் அந்தப் பை நகரவில்லை.